பம்ப் கம்பெனியில் விரயம் தேடிய நாட்கள்

அடுத்தவர் கம்பெனிக்குள் நுழைந்து, அவர்கள் இருபது வருடமாகப் பெருமையோடு செய்துவரும் வேலையைப் பார்த்து, "இதில் பாதி தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர்களே நமக்கு டீ வாங்கிக் கொடுக்கும்படி நடந்துகொள்வதுதான் என் தொழில்.

இந்தத் தொழிலுக்கு லீன் என்று பெயர். ஒரு பொருள் உருவாகிற வழியில் எங்கெல்லாம் வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் குவியல் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, வேலை செய்பவர்களை வைத்தே அதைக் குறைப்பது. வால்வு கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகராகப் பல வருடம் நின்றே கால் வலி கண்ட பிறகு, நான் இதற்கு வந்தேன். கோயமுத்தூரில் கம்பெனி நடத்துகிறவர்கள், கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், என்னைப் போல இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே வண்டியில் போகிறவர்கள்தான். அதனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பெரும்பாலும் கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் ஒரே ஒரு முறை தாராபுரம் வரை போய்விட்டு வருவோம்.

ஷூ போட்டு வந்த மூன்று பேர்

கம்பெனி முதலாளி ரங்கராஜ். வீட்டில் தெலுங்கு பேசுவார். பம்ப்பைத் திட்டும்போது மட்டும் சுத்தமான கொங்குத் தமிழ் வரும். முதல் நாள் பயிற்சி வகுப்புக்குள் நுழைகிறேன். முன்வரிசையில் சுடிதாரும் புத்தம் புது ஓட்டப் பந்தய ஷூவுமாக மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துண்டு. மற்ற எல்லாரும் நீல யூனிஃபார்மில் பின்வரிசையில் ஒதுங்கி இருக்கிறார்கள். விசாரித்தால், நடுவில் இருப்பவர் முதலாளியின் மனைவி விஜயா. பக்கத்தில் அவருடைய நாத்தனார்கள் இரண்டு பேர். முந்தின நாள் சாப்பிடும்போது ரங்கராஜ், "நாளைக்குக் கம்பெனில லீன் ட்ரெய்னிங்" என்று சொல்லியிருக்கிறார். லீன் என்றால் ஒல்லி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது விஜயாவுக்கு நன்றாக நினைவிருந்திருக்கிறது.

நான் விளக்கிச் சொன்னதும் நாத்தனார்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார்கள். விஜயா போகவில்லை. நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்தார். தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பதும் விரயம்தான் என்று நான் சொன்னபோது, பின்னால் திரும்பி ஸ்டோர்க்காரரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்த மனிதர் நாற்காலியிலேயே நெளிந்தார். வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே விஜயா சொன்னார்: "நாங்க எளைக்காட்டிப் பரவால்லீங்க அம்மணி. அந்த ஸ்டோர் ரூமு எளைச்சாச் சரி."

அழிக்கிற பேனா

அதே நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்த நேரத்தில் வகுப்பெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பழனிச்சாமி. அசெம்பிளியில் ஃபிட்டர். கம்பெனி தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்தே வேலையில் இருப்பவர். "ஒரே கேள்விங்க மேடம். இதெல்லாம் பண்ணி முடிச்சா, எங்கள்ல எத்தன பேர ஊட்டுக்கு அனுப்புவீங்க?" தூங்கியவர்கள் அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் வேறொரு கம்பெனியில் நிறைய நேரம் மிச்சப்படுத்திக் கொடுத்தேன். அந்த முதலாளி கைகுலுக்கிப் பாராட்டினார். அடுத்த மாதமே ஆறு பேரை நிறுத்தினார். அதில் ஒருவரைப் பிறகு டவுன் பஸ்ஸில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே நான் மைக்கை, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரங்கராஜ் கையில் கொடுத்தேன். "இதுக்குப் பதில் நீங்க சொல்லோணுங்க சார். சொல்ல முடியாதுன்னா நான் இப்பவே கிளம்பிக்கறேன்."

ரங்கராஜ் பின்வரிசைப் பக்கம் திரும்பினார். பிறகு, "புது மாடலுக்கே ஆள் பத்தாம நிக்கறனுங்க. மிச்சமாகற நேரம் அதுக்குத்தான். இதனால ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன்" என்றார். பழனிச்சாமி உட்காரவில்லை. "எழுதிக் குடுங்க மொதலாளி" என்றார். ரங்கராஜ் எழுந்து போய், என் வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் அப்படியே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. பழனிச்சாமி மட்டும் பலகைக்குப் பக்கத்தில் வந்து, எழுத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பினார்: "மேடம், இது அழிக்கற பேனாவுங்க. அழியாத பேனா இருந்தாக் குடுங்க."

சரஸ்வதியின் பின்னால் ஒரு நாள்

அடுத்த வேலை, ஒருவர் பின்னாலேயே ஒரு ஷிஃப்ட் முழுக்க நடப்பது. அசெம்பிளியில் சரஸ்வதி என்று ஒரு பெண். வாய் திறந்து பேசவே மாட்டார். கேட்டால் தலையசைப்பு, அவ்வளவுதான். கம்பெனி வரைபடத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு, அவர் போகும் வழியெல்லாம் பென்சிலால் கோடு போட்டபடி பின்னால் நடந்தேன். வாஷர் எடுக்க ஒரு மூலை. ஸ்பேனர் இன்னொருவரிடம், அதை வாங்க ஒரு நடை, திருப்பிக் கொடுக்க ஒரு நடை. கிரீஸ் டப்பா வேறு கட்டடத்தில். அங்கே போனால் பூட்டு. சாவி ஸ்டோர்க்காரரிடம். அவர் கேன்டீனில்.

மதியத்துக்குள் என் அட்டை கோலம் தப்பிப்போன வாசல் மாதிரி ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் கோடு. சாயங்காலம் என் கைப்பேசியில் நடந்த தூரத்தைப் பார்த்தால், கணபதியிலிருந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பியும் வந்திருக்கிறோம்! என் கெண்டைக்கால் கெஞ்சியது. சரஸ்வதிக்கு ஒன்றுமே இல்லை; பழக்கம். அந்த வாரமே அசெம்பிளி ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்து யோசித்து, வாஷர், நட்டு, கிரீஸ் எல்லாவற்றையும் அவர் கைக்கெட்டும் உயரத்தில் சின்னச் சின்ன டப்பாக்களில் வைத்தார்கள். ஸ்பேனர் தலைக்கு மேல் ஸ்பிரிங்கில் தொங்கியது. இழுத்தால் வரும், விட்டால் தானாக மேலே போகும்.

முதல் நாள் மதியமே அவருடைய பங்கு பம்ப்புகள் முடிந்துவிட்டன. சூப்பர்வைசர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சரஸ்வதியிடம் ஓடிப்போய், "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் என் அட்டையை வாங்கி, அந்தக் கோடுகளையெல்லாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்: "ஏனுங்க மேடம், அப்ப இத்தன வருசமா நான் வேல செய்யலீங்களா? நடந்துட்டேதான் இருந்தனுங்களா?"

சிவப்புச் சீட்டு

லீன் செய்கிற எந்தக் கம்பெனியிலும் ஒரு சிவப்புச் சீட்டு நாள் உண்டு. ஒரு வருடமாகக் கை படாத எந்தப் பொருளுக்கும் யார் வேண்டுமானாலும் சிவப்புச் சீட்டு ஒட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சீட்டுகளை விஜயாதான் கட்டுக் கட்டாக வெட்டிக் கொண்டுவந்தார். உடைந்த நாற்காலி, வாய் பிளந்த டிரம், கம்ப்யூட்டர் வந்ததும் ஓய்வெடுத்துக்கொண்ட டைப்ரைட்டர், யார் வாங்கினார்கள் என்றே தெரியாத ஒரு பெரிய குழாய். திருவிழா மாதிரி ஓடி ஓடி ஒட்டினார்கள்.

சரக்கு ஏற்றும் இடத்தில், கூரைக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய கார் நின்றது. ரங்கராஜ் வாங்கிய முதல் கார். டயர் நான்கும் தரையோடு ஒட்டிப் பல வருடம் ஆகிறது. அது கூரையை அடைத்துக்கொண்டு நின்றதால், பம்ப் பெட்டிகளை வெளியே வெயிலிலும் மழையிலும்தான் ஏற்றுவார்கள். எல்லாரும் அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் ஒட்டவில்லை. கடைசியில் பழனிச்சாமி நேராகப் போய், தார்ப்பாயை விலக்கி, முன் கண்ணாடியின் நட்டநடுவில் சீட்டை ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தும் விட்டார்.

மாலை ரங்கராஜ் வந்து பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அடுத்த வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் போகும்போது கிரேன் ஒன்று அந்தக் காரைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை அவருடைய தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் லாரி முதல் முறையாகக் கூரைக்குக் கீழே வந்து நின்றது. ஏற்றும் ஆட்கள் விசிலடித்தார்கள். ரங்கராஜ் காலியான இடத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நல்லவேளைங்க மேடம், நான் ஒரு எடத்துல நிக்காம சுத்திட்டே இருக்கறேன். நின்னிருந்தா எனக்கும் ஒட்டிப்போட்டிருப்பாங்க."

டை மாற்றும் போட்டி

இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. மோட்டாருக்குள் அடுக்குகிற மெல்லிய தகடுகளை அடித்துக் கொடுக்கும் பெரிய பிரஸ் ஒன்று கம்பெனியில் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அச்சு. அதை டை என்பார்கள். டையை மாற்ற அரை நாள் ஆகும். அதனால் ஒரு மாடலை மாட்டினால் வாரக்கணக்கில் அதையே அடித்துக் குவிப்பார்கள். இந்த நேரத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளர், "வாராவாரம் நாலு மாடலும் கொஞ்சம் கொஞ்சமா வேணும். முடியலைன்னா வடக்கே பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் புது மாடலே இல்லை. ரங்கராஜ் முகத்தில் களையே இல்லை.

டை மாற்றுவதை நான் கைப்பேசியில் படம் பிடித்து, சுவரில் போட்டுக் காட்டினேன். கூடவே போண்டாவும் உண்டு. டை செட்டர் தங்கவேல் ஸ்பேனர் தேடிப் போகிறார், வருகிறார், தப்பான அளவு, மறுபடி போகிறார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கவேல் சிரிக்கவில்லை. "இதுல என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன். அப்போது பிரஸ் ஓட்டும் சுசாந்த் கையைத் தூக்கினார். ஒடிசாவிலிருந்து வந்தவர். குறிச்சியில் மனைவி, மகளோடு குடியிருக்கிறார். தமிழை இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டார் என்பது அவர் பேசினாலே தெரியும். எந்தச் சொல்லையும் 'ங்க' போடாமல் விடமாட்டார். "மிசினுங்க நிக்குதுங்க. ஸ்பேனருங்க அங்கெங்க இருக்குதுங்க. அண்ணனுங்க நடக்குறாருங்க. வேண்டாங்க" என்றார். பிறகு சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்தார். எல்லா டைக்கும் கீழே ஒரே உயரத்தில் பலகை போட்டுவிட்டால், நீள நீளமான போல்ட்டே வேண்டாம். தட்டினால் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் போதும். அடுத்த டையை, மிஷின் ஓடும்போதே பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் தயாராக நிறுத்திவிடலாம். தங்கவேல் குனிந்து அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு, "பலகைய நான் அடிச்சுத் தாரேன்" என்றார்.

பத்து நாள் கழித்துச் சோதனை. யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் மொத்தக் கம்பெனியும் வந்து நின்றது. விஜயாவும் வந்தார், கேன்டீன் அக்காவும் ஒரு கையில் டீயும் மறு கையில் கரண்டியுமாக வந்தார். "ஸ்டார்ட்!" பழைய டை வெளியே வந்தது. புதியது வண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கிளாம்ப் 'டக், டக்' என்று உட்கார்ந்தது. நடுவில் ஒரு கிளாம்ப் பிடிக்கவில்லை. கூட்டம் 'அய்யோ' என்றது. சுசாந்த் ஒரு தட்டு தட்டினார். பிடித்தது. முதல் தகடு வெளியே விழுந்ததும் பழனிச்சாமி அதை எடுத்து அளந்து பார்த்து, கட்டை விரலைத் தூக்கினார். கேன்டீன் அக்கா கொண்டுவந்த டீ இன்னும் ஆறவில்லை! கத்தினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ரங்கராஜ் அங்கேயே நின்று வாடிக்கையாளருக்குப் போன் போட்டார். தங்கவேல் மட்டும் சுசாந்தின் தோளைப் பிடித்தபடி நின்றார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாலு வருசமா என்ற பக்கத்துலயேதான் மேடம் நின்னான். ஒரு நாளு கூட நான் அவனைக் கேட்டதில்லீங்க."

தாராபுரம் பக்கம் நான் பட்ட பாடு

நான் ஜெயித்ததை மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தாராபுரத்துக்குப் பக்கத்தில் மரகதம் என்று ஒரு அம்மா தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறார். போய்ப் பார்த்தால், ஆலையில் பாதி இடத்தை அட்டைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கீழ் அடுக்கைக் கரையான் தின்கிறது; நடு அடுக்கில் எலி குடும்பம் நடத்துகிறது. நான் உற்சாகமாகப் பாடம் நடத்தினேன். மூன்று நாளுக்கான பெட்டி போதும். பெட்டிக்காரர் அந்தியூரில்தானே இருக்கிறார், இரண்டு நாளுக்கு ஒருமுறை கொண்டுவரட்டும் என்றேன். பெட்டிக்காரரும் தலையாட்டினார். இடம் காலியானது. காற்று வந்தது. அந்த இடத்தில் இன்னொரு செக்கே போட்டார் மரகதம். நான் மார்தட்டிக்கொண்டேன்.

ஆடி மாதம் வந்தது. பெட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எண்ணெய் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. போட்டு அனுப்பப் பெட்டி இல்லை. ஆலை நின்றுவிட்டது. பெட்டிக்காரருக்குப் போன் மேல் போன். கடைசியில் எடுத்தார். பின்னணியில் ஒரே கனைப்பும் கொட்டு முழக்கமும். "நம்ம ஊருல கோயில் நோம்பிச் சந்தைங்க மேடம்! குதிர பாக்க வந்திருக்கறேன். ஆளுகளும் எல்லாம் இங்கதான். நோம்பி முடிஞ்சுதான் பட்டற தொறப்பேன்" என்று மகிழ்ச்சியாகச் சொல்லி வைத்துவிட்டார். எங்கெங்கோ அலைந்து, அச்சடிக்காத வெற்றுப் பெட்டிகள் வாங்கி, நானும் தரையில் உட்கார்ந்து இரண்டு நாள் லேபிள் ஒட்டினேன். என் விரலெல்லாம் பசை. மரகதம் எதிரில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசிப் பெட்டியை ஒட்டி முடித்ததும், சுவரில் நான் அழகாகக் கட்டம் போட்டு மாட்டியிருந்த சரக்கு அட்டவணையை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, உங்க கணக்குல அந்தியூர்க் குதிர எந்தக் கட்டத்துல வருதுங்க?"

கயிறு

மறுபடியும் பம்ப் கம்பெனி. அசெம்பிளி வரிசைக்கு மேல் நீளமாக ஒரு கயிறு கட்டினோம். தப்பு என்று யாருக்குத் தோன்றினாலும் அதை இழுக்கலாம். மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், வரிசை நிற்கும், எல்லாரும் வந்து பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். முதலாளியின் வேலையை நிறுத்துகிற கயிற்றை எந்தத் தொழிலாளி இழுப்பார்? மூன்று வாரமாக அந்தக் கயிற்றைத் தொட்டது ஒரு சிலந்தி மட்டும்தான்.

ஒரு நாள் காலை டீக்கு முன்னால் மணி அடித்தது. எங்கள் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், சரஸ்வதி கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார். சூப்பர்வைசர், "என்னம்மா இது, ஏற்றுமதி லாரி நிக்குது, கன்டெய்னர்ல பாதி ஏத்தியாச்சு, இப்பப் போய்..." என்று கத்துகிறார். சரஸ்வதி மெதுவாக, "இம்பெல்லர் லேசாப் போகுதுங்க" என்றார். இம்பெல்லர் என்பது பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். ஷாஃப்ட் என்கிற தண்டில் அது இறுக்கமாகத்தான் உட்கார வேண்டும். தினமும் மாட்டுகிற கைக்கு அந்த இறுக்கம் தெரியும். பழனிச்சாமி வாங்கி மாட்டிப் பார்த்தார்; அவர் முகம் மாறியது. வேறு கருவியில் அளந்தால், துளை பெரிது. துளை அளக்கும் கருவியைச் சரிபார்க்கிற வளையமே தேய்ந்து பெரிதாகியிருக்கிறது. அதனால் அன்று காலை வந்த இம்பெல்லர்கள் எல்லாமே சரி என்று தேறியிருக்கின்றன.

ரங்கராஜ் வந்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஏற்றியதை இறக்கினால் கப்பல் போய்விடலாம். இறக்காவிட்டால் கடல் தாண்டி யாரோ ஒரு விவசாயியின் கிணற்றில் அந்தப் பம்ப் நின்றுபோகும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "எறக்குங்கப்பா" என்று சொல்லி, முதல் பெட்டிக்குத் தானே கை கொடுத்தார். பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து கணக்குப் பிள்ளை வரை வந்து தூக்கினார்கள். முன்பு போலக் குவித்துச் செய்கிற வழக்கம் இருந்திருந்தால் ஒரு வாரச் சரக்கும் சந்தேகத்துக்குரியதாகியிருக்கும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால் அன்று காலைச் சரக்கை மட்டும் பிரித்தால் போதுமாக இருந்தது. சுசாந்த் பிரிக்க, பழனிச்சாமி மாட்ட, தங்கவேல் அளக்க, வெயில் தாழ்வதற்குள் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. கப்பலையும் பிடித்துவிட்டது.

லாரி வாசலைத் தாண்டியதும் ரங்கராஜ் நேராக சரஸ்வதியிடம் போனார். கூட்டமும் கூடவே போனது. "அம்மணி... நீங்க இன்னைக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் தொடங்கினார். அடுத்த பம்ப்பைக் கையில் எடுத்துவிட்ட சரஸ்வதி, அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "கயித்த இழுத்ததுக்கு வையறீங்களா, பாராட்டறீங்களானு வெரசாச் சொல்லிப்போடுங்க மொதலாளி. எனக்கு வேல இருக்குது."

வேடிக்கை பார்க்க வந்தவள்

போன மாதம் அந்தப் பக்கமாகப் போனபோது, சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் திருப்பூரிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு முதலாளிகள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போவது பழனிச்சாமி. கையில் மைக். நான் மூன்று நாளில் சொன்னதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்கிறார். ஒரு முதலாளி, "உங்களுக்கு இதையெல்லாம் யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன். தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டேன். பழனிச்சாமி மிகுந்த பெருமையோடு, "நாங்களே யோசிச்சதுங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. டை சுசாந்தின் யோசனை, சீட்டு பழனிச்சாமியின் துணிச்சல், கயிறு சரஸ்வதியின் கை. நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன். இருந்தாலும் லேசாக வலிக்கத்தான் செய்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? பின்னால் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற திருப்பூர்க்காரர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, ஆதரவாகச் சொன்னார்: "நீங்களும் புதுசாக் கத்துக்க வந்திருக்கறீங்களா? வெசனப்படாதீங்க, போகப் போகப் புரிஞ்சுக்குமுங்க."

இனிமேல் இவள் தேவையில்லை என்று ஒரு கம்பெனி காட்டிவிடுகிற அன்றுதான் நான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன் என்று அர்த்தமாகிற இந்தத் தொழிலுக்கு, என்னை யாரும் இழுத்து வரவில்லை, நானேதான் விரும்பி விண்ணப்பம் போட்டேன்.